34-க்கு 2

ஜாக்சன் ஹாலிடேவுக்கு அப்போது வயது இருபது. 2024 ஏப்ரல் 10 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அவரை முதன்முறையாக மேஜர் லீக் ஆட்டத்தில் இறக்கியது. அமெரிக்காவில் இளம் பேஸ்பால் வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் முக்கியப் பட்டியல்களில் எல்லாம் அந்த நேரத்தில் முதல் பெயர் அவருடையதுதான். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022-இல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்து, கையெழுத்துப் போட 81.9 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். 2023-இல் ஒரே பருவத்தில் மைனர் லீக்கின் நான்கு படிகளிலும் ஆடி .323 சராசரி வைத்திருந்தார். பேஸ்பாலில் பத்து வாய்ப்புக்கு மூன்று ஹிட் அடிப்பவரே பெரிய ஆட்டக்காரர். அந்தக் கணக்கில் .323 கண்ணை விரிய வைக்கும் எண்.

மேஜர் லீக்கில் முதல் பத்து ஆட்டங்களில், 34 வாய்ப்புக்கு அவர் அடித்தது 2 ஹிட். 18 முறை ஸ்ட்ரைக்-அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது. ஏப்ரல் 26 அன்று வர்ஜீனியாவிலுள்ள நார்ஃபோக் அணிக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பட்டியல் போட்டவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று சொல்லலாம். பத்து ஆட்டத்தில் என்ன தெரிந்துவிடும், விடுங்கள் என்றும் சொல்லலாம். இரண்டுமே பாதிதான் சரி. ஓர் அணியின் இளம் வீரர்கள் படிப்படியாக வளர்வதைப் பின்தொடர்கிறவர்களுக்கு, எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உண்மையான சுவை. புள்ளியியல், இயற்பியல், மூளை கற்கும் விதம், பதின்வயதில் எலும்பும் தசையும் வளரும் விதம் எல்லாம் ஒரே ஆளின் மேல் வந்து நிற்கும் இடம் அது.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு துணை அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. அதற்கும் கீழே, ஃப்ளோரிடா அல்லது அரிசோனாவிலுள்ள பயிற்சி மையத்திலும் டொமினிகன் குடியரசிலும் புதியவர்களுக்கான அணிகள். ஹாலிடே ஏறிய படிகளின் பெயர் டெல்மார்வா, அபர்டீன், போவி, நார்ஃபோக். ரஞ்சிக் கோப்பையில் ஒரு மாநில அணி, தான் வெல்வதற்காக ஆடுகிறது. போவி அப்படி அல்ல. அங்கே யார் ஆடுவது, பிட்சர் இன்று எத்தனை பந்து வீசலாம், யாரை எப்போது மேலே அனுப்புவது எல்லாம் பால்டிமோர் நிர்வாகத்தின் முடிவு. சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது. போவி நேற்று ஜெயித்ததா தோற்றதா என்பது இரண்டாம் பட்சம். இந்த ஏற்பாட்டை 1920-களில் கட்டியெழுப்பியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு போட்டி போட்டுத் தேர்ந்த வீரர்களை வாங்கக் காசில்லாததால், சின்ன அணிகளையே வாங்கி நாற்றங்கால் மாதிரி நடத்தத் தொடங்கினார். மற்றவர்கள் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

நான் பால்டிமோரை உதாரணமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2018-இல் அந்த அணி 162 ஆட்டங்களில் 115-ஐத் தோற்றது. அந்த நவம்பரில் அணி நிர்வாகப் பொறுப்பேற்ற மைக் எலியாஸ், முன்னாள் நாசா பொறியாளர் சிக் மெய்டலைத் தன்னோடு அழைத்துவந்தார். மேல் அணியை அப்படியே விட்டுவிட்டு நாற்றங்காலில் முழு மூச்சாக இறங்கினார்கள். 2019-இல் 108 தோல்வி, 2021-இல் 110 தோல்வி. ரசிகர்களுக்கு அந்த வருடங்களில் பார்க்கக் கிடைத்தது கீழே இருந்த பையன்களின் ஆட்டம் மட்டுமே. ஆட்லி ரட்ச்மன் 2019 டிராஃப்டின் முதல் தேர்வு. அதே டிராஃப்டில் 42-ஆவதாக வந்தவர் அலபாமாவின் செல்மாவைச் சேர்ந்த பள்ளி மாணவர் கன்னர் ஹெண்டர்சன். 2023-இல் இவர்கள் தோளில் அணி 101 ஆட்டங்களை வென்றது. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஹெண்டர்சன் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு மட்டையாளரின் உண்மையான திறன் .270 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாய்ப்புக்கு 27 ஹிட் வர வேண்டும். ஆனால் வெறும் தற்செயலே அந்த எண்ணைச் சுமார் நான்கரை ஹிட் மேலும் கீழும் ஆட்டிவிடும். அதே திறனுள்ள பலர் நூறு நூறு வாய்ப்பு ஆடினால், மூன்றில் இரண்டு பங்குப் பேர் 23-க்கும் 31-க்கும் நடுவே விழுவார்கள். மீதி ஒரு பங்குப் பேர் அதற்கும் வெளியே. .230 அடித்தவரை நோக்கித் தலையை ஆட்டுகிறோம், .310 அடித்தவரைக் கொண்டாடுகிறோம், இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். முழுப் பருவம், 500 வாய்ப்பு ஆடிய பிறகும் அந்த ஆட்டம் .020 அளவுக்கு நிற்கும்.

ஆகவே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் முதல் 100 வாய்ப்பில் .350 அடித்தால் எவ்வளவு நம்புவது? லீக் சராசரி .250 என்றும், வீரர்களின் உண்மைத் திறன் அதைச் சுற்றி .025 அளவுக்குப் பரவியிருக்கிறது என்றும் கொள்வோம். கணக்குப் போட்டால், சராசரிக்கு மேல் அவர் அடித்த .100-இல் ஏறத்தாழக் கால் பங்குதான் அவருடையது என்று நம்பலாம். நமது சிறந்த ஊகம் .275-க்கு அருகில். இது அந்தப் பையன் மேல் அவநம்பிக்கை இல்லை. இன்னும் 400 வாய்ப்பு அதே மாதிரி ஆடினால் நம்பிக்கையும் தானாக ஏறிவிடும்.

அதற்காக எல்லா எண்ணும் ஒரே அளவு மெதுவாகத்தான் பேசும் என்றில்லை. மட்டையில் பட்ட பந்து எங்கே விழும் என்பதில் தடுப்பாளர் நின்ற இடம், காற்று, மைதானம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பேஸ்பால் ஆய்வாளர் வோரோஸ் மெக்கிராக்கன் 2001-இல், உள்ளே விழும் பந்து ஹிட் ஆகிறதா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று எழுதியபோது பலர் நம்பவில்லை. பிறகு நம்ப வேண்டியதாயிற்று. ஸ்ட்ரைக்-அவுட் அப்படி இல்லை. அது பிட்சருக்கும் மட்டையாளருக்கும் நடுவில் மட்டும் நடப்பது. ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர் இதைத் தனித்தனியாக அளந்து பார்த்தார். மட்டையாளரின் ஸ்ட்ரைக்-அவுட் விகிதத்தில் திறனின் பங்கு தற்செயலுக்குச் சமமாக வர 60 வாய்ப்புகள் போதும். எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை விட்டு முதல் பேஸை இலவசமாகப் பெறும் வாக் விகிதத்துக்கு 120. உள்ளே விழுந்த பந்துகள் ஹிட் ஆகும் விகிதத்துக்கு 800-க்கு மேல் வேண்டும்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஹாலிடேவைப் பாருங்கள். உண்மையில் .250 அடிக்கக்கூடியவர் 34 வாய்ப்பில் இரண்டு அல்லது அதற்கும் குறைவாக அடிக்க வாய்ப்பு ஆயிரத்தில் நான்கு. அபூர்வம்தான், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வந்துபோகும் புதுமுகங்களின் கூட்டத்தில் யாருக்காவது நடக்கக்கூடியது. ஆக 2 ஹிட்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த 18 ஸ்ட்ரைக்-அவுட் வேறு கதை. மட்டை பிடித்ததில் பாதி முறை பந்தைத் தொட முடியாமல் திரும்பியதற்குத் துரதிர்ஷ்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நார்ஃபோக்கில் இல்லாத ஏதோ ஒன்று பால்டிமோரில் அவரை எதிர்கொண்டது.

அது என்ன என்பதற்கு முன் வயதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓர் இளம் வீரரின் எண்களில் நான் முதலில் தேடுவது பிறந்த தேதியைத்தான். டபுள்-ஏ ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள். அங்கே இருபத்தைந்து வயதில் .290 அடிப்பது, பத்தொன்பது வயதில் .260 அடிப்பதைவிடச் சிறியது. பத்தொன்பது வயதுக்காரர் இன்னும் உடல் நிறையாதவர், தன்னைவிட நான்கைந்து வருடம் கூடுதலாக ஆடிய பிட்சர்களைச் சமாளிக்கிறவர். டொமினிகன் குடியரசில் 2021 ஜனவரியில் 13 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்ட சாமுவேல் பசாலோ, பத்தொன்பதாவது வயதில் போவியில் விக்கெட் கீப்பர் போன்ற இடமான கேட்சராக நின்றார். மைதானத்திலேயே மிகவும் கடினமான வேலை அது. அந்த ஒரு தகவல் அவருடைய சராசரியைவிட அதிகம் சொன்னது. 2025 ஆகஸ்டில் அவர் மேல் அணிக்கு வந்துவிட்டார். ஹுவான் சோட்டோ 2018-ஐ சிங்கிள்-ஏவில் தொடங்கி மே 20-க்குள் வாஷிங்டன் அணியில் ஆடினார், பத்தொன்பது வயதில். டபுள்-ஏவில் அவர் ஆடியது எட்டே ஆட்டம்.

எதிர்ப்பக்க உதாரணம் உலகத்துக்கே தெரிந்தவர். கூடைப்பந்தின் உச்சத்திலிருந்து விலகிய மைக்கேல் ஜோர்டான் 1994-இல் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணிக்காக 127 ஆட்டங்கள் ஆடி .202 அடித்தார். 114 முறை ஸ்ட்ரைக்-அவுட். இதைத் தோல்வியாகவே எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிப் பருவத்துக்குப் பின் பேஸ்பால் ஆடாமல், முப்பத்தொரு வயதில் நேராக டபுள்-ஏவில் இறங்கி .202 அடிப்பது எனக்கு வியப்பான செயலாகவே படுகிறது. ஆனால் உலகின் ஆகச் சிறந்த உடலும் அசாத்திய உழைப்பும் இருந்தும் ஏன் அவ்வளவுதான் முடிந்தது? ஹாலிடேவுக்கு வேண்டிய விடையும் இதில்தான் இருக்கிறது.

மணிக்கு 153 கி.மீ. வேகத்தில் வரும் பந்து பிட்சரின் கையை விட்ட பிறகு மட்டையாளரை அடைய 0.4 விநாடி ஆகிறது. மட்டையைச் சுற்றவே 0.15 விநாடி போய்விடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசைக்குக் கட்டளை போவதெல்லாம் மிச்ச நேரத்துக்குள். பந்து வழியில் பாதி வருவதற்குள் முடிவு எடுத்தாகிவிட வேண்டும். அந்த 0.4 விநாடியில் புவியீர்ப்பு பந்தை 78 செ.மீ. கீழே இழுக்கும். ஆனால் பிட்சர் விரல் நுனியால் பின்புறமாகச் சுழற்றி விடுகிறார், நிமிடத்துக்கு 2,300 சுற்று மாதிரி. சுழலும் பந்து தன் பின்னால் போகும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, அதன் எதிர்விசை பந்தை மேலே தாங்குகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. சாதாரணப் பின்சுழற்சி அந்தச் சரிவில் 40 செ.மீ. அளவை ஈடுகட்டும். மிகச் சிறந்தவர்களின் பந்து 50 செ.மீ. வரை ஈடுகட்டும்.

வித்தியாசம் 10 செ.மீ. மட்டையின் தடிமன் அதிகபட்சம் 6.6 செ.மீ. முதல் வகைப் பந்துக்குப் பழகிய மூளை, பந்து எங்கே இருக்கும் என்று கணிக்கிறதோ அங்கேதான் மட்டையைக் கொண்டுபோகும். இரண்டாம் வகைப் பந்து அதற்கு மேலே பறந்து கேட்சர் கைக்குப் போய்விடும். மட்டையாளர்கள் பந்து "எழும்பியது" என்று சத்தியம் செய்வார்கள். பந்து எழும்பவில்லை, அவர்கள் எதிர்பார்த்த அளவு விழவில்லை. டபுள்-ஏவிலும் இப்படிப்பட்ட பந்து வரும், வாரத்துக்கு ஒன்றிரண்டு பேரிடமிருந்து. மேல் அணிகளில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து வீசுவார்கள், அதோடு அதே கையசைவில் வேறு பக்கம் வளையும் பந்தும் வைத்திருப்பார்கள்.

இது அனிச்சைச் செயலின் வேகம் பற்றிய விஷயமே இல்லை. 2004-இல் நட்சத்திர வீரர்கள் கலந்துகொண்ட ஒரு காட்சி ஆட்டத்தில், மென்பந்து வீராங்கனை ஜென்னி ஃபின்ச் ஆல்பர்ட் புஹோல்ஸையும் மைக் பியாஸாவையும் வரிசையாக ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். மென்பந்தைக் கீழிருந்து வீசுவார்கள், தூரம் குறைவு. மட்டையாளரை அடையும் நேரம் மட்டும் பேஸ்பாலுக்கு ஒத்துதான் வரும். நேரம் ஒன்றாக இருந்தும் அந்த ஜாம்பவான்களால் தொட முடியவில்லை. பிட்சரின் தோள், முழங்கை, மணிக்கட்டு அசைவிலிருந்து பந்தின் பாதையைப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு மேலிருந்து வீசும் கைகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்து வந்தது. புதிய அசைவுக்கு அந்தச் சேமிப்பு உதவவில்லை. ஜோர்டானிடம் இல்லாததும் அந்தச் சேமிப்புதான். ஹாலிடேவிடம் சேமிப்பு இருந்தது, ஆனால் ஒரு படி கீழே உள்ளது.

இன்னொரு சிறிய காரணமும் உண்டு. 2023 முதல் ட்ரிபிள்-ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று சொல்லக் கேமரா முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் சில நாள் முழுக்க இயந்திரமே சொல்லும். அதனால் அங்கே ஸ்ட்ரைக் எல்லையின் ஓரங்கள் மேல் லீக்கில் மனித அம்பயர் தருவதிலிருந்து வேறுபட்டிருந்தன. ஓரத்துப் பந்தைப் பொறுமையாக விட்டு வாக் வாங்குவதில் வல்லவரான ஒரு பையனுக்கு, எல்லைக்கோடே நகர்ந்தது போல ஆகியிருக்கும்.

மேலே போய்த் தோற்பதை நான் ஏணியின் குறையாகப் பார்க்கவில்லை, அதன் வேலையே அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் தன் படியில் தேறிவிட்டால் அந்த எண்கள் அதற்கு மேல் புதிதாக எதையும் சொல்வதில்லை. அடுத்த படிக்கு அனுப்பி, தடுமாற விட்டு, தடுமாறிய பிறகு என்ன மாற்றுகிறார், எத்தனை வாரத்தில் மாற்றுகிறார் என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பயிற்சியிலும் இதே கொள்கை வந்துவிட்டது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி வீரர்களில் ஒரு குழுவுக்கு 15 வேகப்பந்து, பிறகு 15 வளைபந்து, பிறகு 15 மெதுபந்து என்று வரிசையாகப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகளைக் கலந்துகட்டிப் போட்டார்கள். பிறகு சோதித்தபோது, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் திணறிப் பழகிய குழுதான் அதிகம் முன்னேறியிருந்தது. ஓரியோல்ஸ் துணை அணிகளின் பயிற்சி இந்த வழியில் போவதற்குப் பெயர்பெற்றது. பயிற்சியாளர் நின்றுகொண்டு மெதுவாகத் தூக்கிப் போடும் பந்துகளைக் கூட்டத்தைத் தாண்டி அடித்து மகிழும் பழைய வழக்கத்தைக் குறைத்து, ஆட்டத்தில் வருவதைவிடக் கடினமான பந்துகளை இயந்திரத்தால் போடுகிறார்கள். பயிற்சிக் கூண்டில் பத்துக்கு எட்டு தவறும். பார்க்க நன்றாக இருக்காது.

ஹாலிடே 2024 ஜூலை 31 அன்று திரும்ப வந்தார். மேஜர் லீக்கில் அவருடைய முதல் ஹோம் ரன் அன்றே, பேஸ்கள் நிறைந்திருந்தபோது வந்து, நான்கு ரன் தந்தது. அதற்குப் பிறகும் அந்த ஆண்டை .189-இல்தான் முடித்தார். 2025-இல் அநேகமாகத் தினமும் ஆடி .242 சராசரியும் 17 ஹோம் ரன்னும். பட்டியல்கள் வாக்குறுதி தந்த மகா நட்சத்திரம் அதற்குள் வந்துவிடவில்லை, ஆனால் இருபத்தொரு வயதில் மேஜர் லீக்கில் நிலையான இடம் பிடித்தவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

பிட்சர்கள் விஷயத்தில் இவ்வளவு நிதானமாகப் பேச முடியாது. அவர்களுக்கு எதிரி முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தசைநார். 1995-இல் கிளென் ஃப்ளைசிக்கும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், முழு வேகத்தில் வீசும்போது முழங்கையில் ஏறத்தாழ 64 நியூட்டன்-மீட்டர் முறுக்கம் விழுவதாகக் கணித்தார்கள். இறந்தவர்களின் உடலில் அந்தத் தசைநாரைத் தனியே சோதித்தபோது அது அறுந்தது அதில் ஏறத்தாழப் பாதி முறுக்கத்திலேயே. சுற்றியுள்ள தசைகள் மிச்சத்தைத் தாங்குவதால்தான் பிட்சர்கள் வீசவே முடிகிறது. தசை களைத்தால், அல்லது வேகம் கூடினால், பாரம் தசைநார் மேல் இறங்கும். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முன்கைத் தசைநாணை எடுத்து அங்கே தைத்தார். அந்த அறுவைச் சிகிச்சை இன்று பதினேழு வயதுப் பையன்களுக்கும் நடக்கிறது. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கையே, எந்த நேரமும் அதிகபட்ச வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவதைத்தான் முதன்மைக் காரணமாகச் சுட்டியது. ராடார் வைத்து வேகத்துக்குப் பணம் கொடுப்பவர்களும் அதே அணிகள்தான்.

பால்டிமோர் இதை வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர். 2011-இல் நான்காவதாக எடுத்த டிலன் பண்டி பத்தொன்பது வயதிலேயே மேல் அணிக்கு வந்தார், அடுத்த ஆண்டே முழங்கை அறுவைச் சிகிச்சை. 2018-இல் முதல் சுற்றில் எடுத்த கிரேசன் ராட்ரிகஸ் 2025 முழுவதும் ஒரு பந்துகூட மேஜர் லீக்கில் வீசவில்லை. எலியாஸ் 2019 முதல் 2024 வரை முதல் தேர்வாக ஒரு பிட்சரைக்கூட எடுக்கவில்லை, எல்லாம் மட்டையாளர்கள். ஆபத்து குறைந்த இடத்தில் விதைத்து, பிட்சர்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. புள்ளியியல்படி சரியான கணக்குதான். ஆனால் வாங்குவதற்கும் அள்ளிக் கொடுக்க மனம் வேண்டும். அது போதிய அளவு நடக்கவில்லை என்பது என் கருத்து. 2025-இல் அணி 87 ஆட்டங்களைத் தோற்றது.

உடல் எப்போதும் திட்டத்துக்கு ஒத்துழைப்பதில்லை. 2020-இல் இரண்டாவது தேர்வான ஹெஸ்டன் கியர்ஸ்டட்டுக்கு இதயத் தசை அழற்சி கண்டது. 2021 முழுக்க ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2022-இல்தான் முதல் மைனர் லீக் ஆட்டம், 2023 செப்டம்பரில் மேல் அணி. இந்தப் பாதையை எந்தப் பட்டியலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

கை மட்டும் போதுமா என்று சோதித்த ஒரு நிகழ்வு இந்தியாவிலிருந்து தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து தேர்வாகி, 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2014-இல் வெளியான "மில்லியன் டாலர் ஆர்ம்" படம் அவர்கள் கதைதான், ஏ.ஆர். ரகுமான் இசை. படம் ஒப்பந்தத்தோடு மகிழ்ச்சியாக முடிகிறது. நிஜத்தில் படேல் சீக்கிரமே ஊர் திரும்பினார், ரிங்கு சிங் சிங்கிள்-ஏ வரை போய்க் காயங்களால் நின்றார். ஒன்றுமே தெரியாத இருபது வயதில் தொடங்கி, வேலைக்கு வைத்துப் பார்க்கும் அளவுக்கு அவர் போனது சாதாரண விஷயம் இல்லை.

இந்த ஏணியில் இருப்பவர்கள் பல காலம் அரைவயிறோடு ஆடினார்கள். 2021-க்கு முன் சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 290 டாலர், அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். ஆறேழு பேர் ஒரு வீட்டில் காற்று மெத்தையில் படுத்து, இரவு முழுக்கப் பேருந்தில் போய் மறுநாள் 153 கி.மீ. பந்தை எதிர்கொண்டார்கள். தூக்கமும் புரதமும் இல்லாமல் தசை வளராது என்று தெரிந்த விஞ்ஞானிகளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அதே அணிகள் இதைச் செய்தன. 2022-இல் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகு, 2023-இல் வந்த முதல் ஒப்பந்தப்படி சிங்கிள்-ஏவில் ஆண்டுக்கு 26,200 டாலர், ட்ரிபிள்-ஏவில் 35,800. தங்குமிடமும் இப்போது அணியின் பொறுப்பு.

அதே ஒப்பந்தத்தில் ஒரு விலையும் இருந்தது. ஓர் அணி தன் கீழ்ப்படிகளில் வைத்திருக்கக்கூடிய வீரர்களின் எண்ணிக்கை 180-இலிருந்து 165 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பே, 2021-இல், துணை அணிகள் 160-இலிருந்து 120 ஆகிவிட்டன, டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகிவிட்டது. அதிவேகக் கேமராவும் ராடாரும் வந்துவிட்டன, யார் தேறுவார் என்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, எதற்கு இத்தனை பேர் என்பது நிர்வாகங்களின் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ராடார் அளப்பது இன்றைக்கு இருக்கும் வேகத்தை. பதினெட்டு வயதில் இரண்டு பேர் ஒரே வேகத்தில் வீசலாம். ஒருவருக்கு வளர்ச்சி பதினாறிலேயே முடிந்திருக்கும், இன்னொருவருக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கும். அமெரிக்கச் சிறுவர் அணிகள் பல காலம் ஜூலை 31-ஐ வயதுக் கணக்கின் எல்லையாக வைத்திருந்தன. ஆகஸ்டில் பிறந்தவர் தன் குழுவிலேயே மூத்தவர், ஜூலையில் பிறந்தவர் இளையவர். மேஜர் லீக் வரை வந்த அமெரிக்கர்களில் ஆகஸ்டில் பிறந்தவர்கள் ஜூலையில் பிறந்தவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். பத்து வயதில் சில மாத வளர்ச்சியைத் திறமை என்று தவறாக அளந்ததன் தடம் முப்பது வயதிலும் அழியவில்லை.

மைக் பியாஸா 1988 டிராஃப்டில் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதுவும் அப்பாவின் நண்பரான டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டாவின் தயவில். கேட்சர் வேலையே தெரியாமல் வந்து, டொமினிகன் குடியரசிலிருந்த அணியின் அகாடமிக்குப் போய்க் கற்றுக்கொண்டார். 427 ஹோம் ரன் அடித்து, 2016-இல் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார். இன்றைய விதியில் 1,390-ஆவது என்ற இடமே கிடையாது, வரிசை அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடுகிறது. எடுக்காமல் விட்டது தவறு என்று எந்தத் தரவும் பின்னால் வந்து காட்டாது, எடுக்காதவர் ஆடியிருக்கவே மாட்டார். பால்டிமோரிலேயே 2021-இல் 30 ஹோம் ரன்னும் 30 திருட்டுப் பேஸும் எடுத்து அணியின் வரலாற்றில் முதல் ஆளான செட்ரிக் முல்லின்ஸ் 13-ஆவது சுற்றுக்காரர்.

குறைக்கப்பட்ட அந்தப் பதினைந்து இடங்களுக்கும் சிங்கிள்-ஏ சம்பளம் கொடுத்தால் ஆண்டுக்கு 3,93,000 டாலர் ஆகும். 2025-இல் மேஜர் லீக் வீரர் ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர்.